நாலு கம்பியும் தளர்ந்திருந்தது

18,150 ரூபாய். ஒரு பழைய பேஸ் கிட்டாருக்காக, அதாவது கனத்த அடிக்குரல் தரும் நாலு கம்பிக் கிட்டாருக்காக, போன வருடம் ஆகஸ்டிலிருந்து டிசம்பர் வரை என் கையிலிருந்து போன தொகை இது. ஓட்டிய பெட்ரோலையும், நாலைந்து நாளுக்கு ஒன்றாக வாங்கிப் போட்ட 9 வோல்ட் பேட்டரிகளையும் இதில் சேர்க்கவில்லை. இவ்வளவுக்கும் அதை எங்கள் கிறிஸ்தவ சபையில் வைத்து வாசித்தது மொத்தம் 3 ஞாயிறு. வீட்டில் இன்றுவரை முழுக் கணக்கைச் சொல்லவில்லை, "பன்னெண்டு பதிமூணு ஆயிருக்கும்" என்று மழுப்பி வைத்திருக்கிறேன். உடைந்த பேஸ் ஒன்று மலிவாக வருகிறதே, வாங்கிச் சரிசெய்துகொள்ளலாமே என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு அப்போது சொல்ல ஆள் இல்லை. உண்மையைச் சொன்னால், கேட்கும் பொறுமையும் எனக்கு இருந்திருக்காது.

எங்கள் சபை குரோம்பேட்டை பக்கம். பேஸ் வாசித்துக்கொண்டிருந்த தம்பி வேலை கிடைத்துக் கனடாவுக்குப் போனார், தன் பேஸையும் கையோடு கொண்டுபோய்விட்டார். மூன்று மாதம் பேஸ் இல்லாமலே பாடினோம். டிரம்ஸ் ஒரு பக்கம், கீபோர்டு ஒரு பக்கம், நடுவில் ஏதோ பள்ளம் விழுந்த மாதிரி இருக்கும். நான் பதினைந்து வருடமாக அக்கூஸ்டிக் கிட்டார் வாசிப்பவன். ஆறு கம்பியைச் சமாளித்தவனுக்கு நாலு கம்பி எம்மாத்திரம் என்ற தைரியத்தில் "நான் பார்த்துக்குறேன்" என்று சொல்லிவிட்டேன். கையில் பத்தாயிரம்தான் இருந்தது. மவுண்ட் ரோடு பக்கம் கடையில் விசாரித்தால், கொஞ்சம் நம்பி வாங்கக்கூடிய புதுசு இருபதாயிரத்தைத் தாண்டியது. அப்புறம்தான் பழசு தேட ஆரம்பித்தேன்.

பெரம்பூரில் ஒரு விளம்பரம் கிடைத்தது. "நல்ல கம்பெனி பேஸ், சின்ன ரிப்பேர் மட்டும், 11,000." படத்தில் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஒரு சனிக்கிழமை மதியம் வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். விற்றவர் இருபத்தைந்து வயதுப் பையன். அண்ணன் வாசித்ததாம், அண்ணன் வெளியூர் போனபின் நாலு வருடமாக லாஃப்டில் கிடந்ததாம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் லாஃப்ட். அப்போதே காதில் மணி அடித்திருக்க வேண்டும். பேஸைக் கையில் கொடுத்தார். கேபிள் சொருகும் ஜாக் உள்ளே பிடுங்கிக்கொண்டு போயிருந்தது. கம்பியை முறுக்கிச் சுருதி கூட்டும் ட்யூனிங் கீ ஒன்றின் தண்டு வளைந்திருந்தது. பாடியின் கீழ்க் கொம்பில் பெயின்ட் பெயர்ந்து மரம் தெரிந்தது. பேட்டரி அறையைத் திறந்தால் உள்ளே பச்சை பூத்த துரு. "ஆம்ப் இல்லண்ணா, ஆனா நல்லா பேசும்ணா" என்றார். எப்படிப் பேசும், ஜாக்கே இல்லையே என்று நானும் சிரித்தேன், அவரும் சிரித்தார். நாலு கம்பியும் தளர்ந்து துணிக்கொடி மாதிரி தொங்கின. "யூஸ் பண்ணாததால லூஸ் பண்ணி வச்சிட்டோம்ணா." பொறுப்பான குடும்பம் என்று நினைத்துக்கொண்டேன். நெக்கின் மேல், அதாவது கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்தின் மேல், கண்ணை ஓட்டினேன், நேராகத்தான் இருந்தது. பேரம் பேசி 9,000க்கு முடித்து முதுகில் மாட்டிக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் ஒரே சந்தோஷம்.

அந்தத் தளர்ந்த கம்பியில்தான் என் பணம் போனது. முறையாகச் சுருதி கூட்டிய பேஸில் நாலு கம்பியும் சேர்ந்து நெக்கை இழுக்கும் விசை 75 கிலோவுக்கு மேல் இருக்கும். நல்ல உடம்புக்காரர் ஒருவர் இரவும் பகலும் அந்த மரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிற மாதிரி. அதற்கு எதிராகப் பிடித்து நிற்பதற்காகத்தான் நெக்குக்குள் ட்ரஸ் ராட் என்ற இரும்புத் தண்டைப் பதித்திருக்கிறார்கள். கம்பியைத் தளர்த்திவிட்டால் அந்த ஆள் இறங்கிவிட்டார், வளைந்த நெக்கும் ஓரளவு நிமிர்ந்து பார்வைக்கு யோக்கியமாகிவிடும். அதனால் தளர்ந்த கம்பியோடு பேஸைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வரக் கூடாது. விற்பவர் ஏமாற்ற வேண்டும் என்றே தளர்த்தியிருக்க வேண்டும் என்பதில்லை, அந்தப் பையன் பாவம், அவருக்கு ஒன்றும் தெரியாது. நீங்கள்தான் இ, ஏ, டி, ஜி என்று முழுச் சுருதிக்கு ஏற்ற வேண்டும். ஏற்றி ஒரு இருபது நிமிடமாவது அப்படியே விட வேண்டும். கம்பி துருப்பிடித்து அறுந்துவிடும் என்று தோன்றினால், வேலை செய்கிற ஒரு பழைய செட்டைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள். முழுச் சுருதியில் வைத்துப் பார்க்க விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால், அதையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுக்கு வந்ததும் நான் செய்த காரியங்களின் வரிசையைப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்த குறையையெல்லாம் முதலில் பிடித்தேன். ஞாயிறு கழித்துத் திங்கள் மாலையே ரிச்சி ஸ்ட்ரீட். ஜாக், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கத் திருப்பும் பாட் இரண்டு, கொஞ்சம் வயர், பேட்டரி கிளிப் எல்லாம் சேர்த்து 650 ரூபாய். எனக்குச் சால்டரிங் அவ்வளவாகக் கை வராது, வீட்டருகே ஆம்ப்ளிஃபயர் ரிப்பேர் பார்க்கும் கடையில் கொடுத்தேன். கூலி 800. மறுநாள் மாலை வாங்கிவந்து சபை ஆம்பில் சொருகினால் சத்தம் வந்தது! அந்த ஒரு நிமிட சந்தோஷத்துக்கு 800 கொடுக்கலாம்தான். ஆனால் நாலு நாளில் பேட்டரி செத்தது. மாற்றினேன். திரும்பவும் நாலைந்து நாளில் காலி.

இதற்குக் காரணம் தெரிய எனக்கு மூன்று வாரம் ஆனது. ஆக்டிவ் பேஸ் என்றால் உள்ளே பேட்டரியில் ஓடும் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கும். அதற்குத் தனியாக ஸ்விட்ச் கிடையாது, ஜாக்கே ஸ்விட்ச். அதனால் அங்கே மூன்று இணைப்புள்ள ஸ்டீரியோ ஜாக் போடுவார்கள். கேபிளைச் சொருகினால்தான் பேட்டரியின் நெகட்டிவ் இணையும், உருவினால் துண்டிக்கும். நான் வாங்கிப்போனதோ இரண்டு கால் உள்ள சாதா மோனோ ஜாக். கடைக்காரர் அந்த மூன்றாவது வயரை எர்த்தோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார், ராத்திரி பகலாகப் பேட்டரி ஓடிக்கொண்டே இருந்தது. தப்பு அவர் மேல் இல்லை, பொருளை வாங்கிக்கொடுத்தவன் நான்தானே. பேட்டரி அறை உள்ள பேஸ் வைத்திருப்பவர்கள் இரண்டு விஷயம் ஞாபகம் வையுங்கள். ஜாக் மாற்றினால் மூன்று கால் உள்ளதையே கேட்டு வாங்குங்கள். வாசித்து முடித்ததும் கேபிளை உருவிவிடுங்கள்.

எலக்ட்ரிக் வேலையைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு மேலே போகிறேன். பழைய பேஸில் ஆளை அதிகம் பயமுறுத்துவது சத்தமே வராமல் இருப்பது. நிஜத்தில் அதுதான் இருப்பதிலேயே மலிவான நோய். கரகரப்பு என்றால் பாட், விட்டுவிட்டு வந்தால் ஜாக், இரண்டும் சில நூறு ரூபாய் விவகாரம். கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் செத்திருந்தால்தான் செலவு. அதையும் போன இடத்திலேயே பார்த்துவிடலாம். ஆம்பில் சொருகி, ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவரால் பிக்கப்பின் காந்தத்தை லேசாகத் தொட்டால் "டொக்" என்று கேட்க வேண்டும். கழற்றிப் பார்க்க விட்டார்கள் என்றால், பிக்கப்பின் இரண்டு வயரையும் விடுவித்து மல்டிமீட்டர் வைத்தால் பேட்டரி தேவைப்படாத சாதா பாசிவ் பிக்கப் பெரும்பாலும் 7லிருந்து 12 கிலோ ஓம் வரை ஏதாவது ஒரு எண் காட்டும். எண்ணே காட்டாமல் ஓப்பன் என்று நின்றால் உள்ளே தலைமுடி போன்ற கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. எப்படியிருந்தாலும் பேஸை வாங்கலாமா வேண்டாமா என்பதைச் சத்தத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். நான் அப்படித்தான் செய்தேன். சத்தம் வந்ததும் "பேஸ் பிழைத்துவிட்டது" என்று நம்பி அடுத்தடுத்துக் காசு இறைத்தேன்.

ட்யூனிங் கீ ஒன்று மட்டும் வேண்டும் என்று கேட்டு நாலு கடை ஏறி இறங்கினேன். பேஸ் கீ தனியாக எங்கும் கிடைக்கவில்லை, கிட்டார் கீயைக் காட்டி "இதைப் போட்டுப் பாருங்க சார்" என்றார்கள். பேஸின் இ கம்பி அந்தத் துளைக்குள் தலையைக்கூட நீட்டாது. கடைசியில் நாலும் உள்ள செட்டாக வாங்கினேன், 1,800. அப்புறம் பெயின்ட். இதைச் சொல்லத்தான் வெட்கமாக இருக்கிறது. கீழ்க் கொம்பில் கட்டைவிரல் அகலத்துக்குப் பெயர்ந்திருந்தது, அவ்வளவுதான். வாசிக்கும்போது அது யார் கண்ணுக்கும் தெரியாது. ஆனாலும் பைக் டேங்குக்கு ஸ்ப்ரே அடிக்கும் ஒருவரிடம் பாடியைக் கொடுத்து முழுக்கக் கறுப்பு அடித்து வாங்கினேன், 2,500. பளபளவென்று வந்தது. மனைவி பார்த்துவிட்டு, "நல்லாத்தாங்க இருக்கு, ஆனா எப்ப வாசிப்பீங்க?" என்றாள்.

புதுக் கம்பி 1,900 ரூபாய்க்கு வாங்கி, செப்டம்பர் கடைசியில் ஒரு ராத்திரி முதல்முறையாக முழுச் சுருதிக்கு ஏற்றினேன். ராத்திரி நன்றாகத்தான் இருந்தது. காலையில் எழுந்து எடுத்து வாசித்தால் விரல் வலிக்கிறது. நெக்கின் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃபிரெட், அதில் 12ஆம் ஃபிரெட்டில் ஸ்கேலை வைத்தால் கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர். அந்த இடத்தில் இரண்டு, இரண்டரை இருந்தால் சுகமாக வாசிக்கலாம். பாடியில் கம்பிகள் மாட்டியிருக்கும் பிரிட்ஜில் இறக்கிப் பார்த்தேன். கம்பியைத் தாங்கும் சேடில் அடியைத் தொட்டுவிட்டது, அப்போதும் 4. அன்றைக்குத்தான் முதல்முறையாக நெக்கை உருப்படியாகப் பார்த்தேன்.

இதற்கு ஒரு எளிய வழி உண்டு. கம்பி முழுச் சுருதியில் இருக்கும்போது முதல் ஃபிரெட்டில் ஒரு கேபோ, அதாவது கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப், போடுங்கள், இல்லையென்றால் இடது கையால் அழுத்துங்கள். கடைசி ஃபிரெட்டை வலது கையால் அழுத்துங்கள். இப்போது கம்பிதான் உங்கள் அடிக்கோல். நடுவில், 7 அல்லது 8ஆம் ஃபிரெட்டின் மேல், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே ஒரு விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு நுழைகிற அளவு, அதாவது சுமாராக 0.3 மில்லிமீட்டர், இடைவெளி இருந்தால் நல்ல நெக். இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொண்டால் நெக் பின்னால் வளைந்திருக்கலாம். என்னுடையதில் கார்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக்கொண்டே போனேன். ஆறு போனது. நெக் முறுக்கியிருக்கிறதா என்பதற்கு இன்னொரு பார்வை. ஆசாரி பலகையைப் பார்ப்பதுபோல் ஒரு கண்ணை மூடிக்கொண்டு தலைப்பக்கத்திலிருந்து பாருங்கள். கம்பிகள் வந்து உட்காரும் நட்டின் கோடும் பிரிட்ஜின் கோடும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரிய வேண்டும், ஒன்று சாய்ந்தால் முறுக்கு. வளைவுக்காவது மருந்து உண்டு. முறுக்கிய நெக்கை மட்டும் எவ்வளவு மலிவாக வந்தாலும் தொடாதீர்கள்.

வளைவுக்கான மருந்து ட்ரஸ் ராட். தலைப்பக்கத்துச் சின்ன மூடியைக் கழற்றினால் அதைத் திருகும் நட் தெரியும், வலப்பக்கம் திருகினால் நெக் நிமிரும். நான் அலன் கீயை விட்டுத் திருகினால் நகரவே இல்லை. லைட் அடித்துப் பார்த்தால், முன்பு வைத்திருந்தவர் ஏற்கெனவே மரை முடியும்வரை திருகி வைத்திருக்கிறார். நாலு வருடம் லாஃப்டில், கான்கிரீட் சூட்டில், பெரும்பாலும் முழுச் சுருதியோடுதான் கிடந்திருக்கும். விளம்பரத்துக்குப் படம் எடுக்கும்போதுதான் தளர்த்தியிருப்பார்கள். பேஸை வாங்கும் முன் அந்த மூடியைக் கழற்ற இரண்டே ஸ்க்ரூ, இரண்டே நிமிடம். நட் இரண்டு பக்கமும் கொஞ்சம் நகர்கிறதா, இன்னும் இறுக்க மரை மிச்சம் இருக்கிறதா, உள்ளே அறுகோணம் மழுங்கியிருக்கிறதா என்ற மூன்று கேள்விக்கும் அங்கே பதில் இருக்கிறது. நான் அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

கோடம்பாக்கத்தில் ஸ்டுடியோக்காரர்களின் கிட்டார்களைப் பார்த்துக்கொடுக்கும் ஒரு பெரியவரைப் பற்றிச் சொன்னார்கள். எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்டோபர் நடுவில் அவரிடம் கொண்டுபோனேன். உறையிலிருந்து எடுத்ததும் பாடியைத் தடவிப் பார்த்தார். "பெயின்ட் புதுசா?" "ஆமா மாஸ்டர்." கீயைப் பார்த்தார். "இதுவும் புதுசா?" "ஆமா மாஸ்டர்." நெக்கை ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மேஜையில் வைத்தார். "வீட்டுக்குப் பெயின்ட் அடிச்சிட்டு அஸ்திவாரம் பாக்க வந்திருக்கீங்க தம்பி."

ஆனாலும் முயன்று பார்த்தார். நட்டை முழுசாகக் கழற்றி, அதன் அடியில் இரண்டு வாஷர் போட்டார். மரை முடிகிற இடத்துக்கு முன்பே நட் அழுத்தத் தொடங்கும், அதனால் இன்னும் ஒன்றிரண்டு சுற்று கிடைக்கும். கம்பிகளைத் தளர்த்திவிட்டு, ஒரு நேரான இரும்புப் பட்டையை நெக்கோடு சேர்த்து கிளாம்ப் போட்டு, மரத்தைப் பின்பக்கமாக வளைத்து வைத்துக்கொண்ட பிறகுதான் நட்டைத் திருகினார், அதுவும் கால் சுற்று, கால் சுற்றாக. "நட்டு புடிச்சு நிக்கணும் தம்பி, இழுக்கக் கூடாது. இழுக்கிற வேலையைக் கிளாம்புக்குக் குடுக்கணும்" என்றார். இரண்டு நாள் அப்படியே வைத்துக் கொடுத்தார். 1,500 ரூபாய். 12ஆம் ஃபிரெட்டில் இரண்டரைக்குக் கொஞ்சம் மேல். கொடுக்கும்போது, "இனிமே இதுல மிச்சம் ஒண்ணும் இல்ல. மறுபடி ஏறுச்சுன்னா திருகாதீங்க, எடுத்துட்டு வாங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார்.

மூன்று ஞாயிறு வாசித்தேன். பொய் சொல்லக் கூடாது, அந்த மூன்று ஞாயிறும் நன்றாக இருந்தது. அப்புறம் நவம்பர் மழை. சென்னை மழைக்காலத்தில் கதவே நிலையோடு ஒட்டிக்கொள்ளும், நெக் மட்டும் என்ன விதிவிலக்கா. வாரத்துக்கு வாரம் கம்பி ஏறியது. டிசம்பரில் கேரல் ஆராதனைக்கு முதல் நாள் ராத்திரி பதினொன்றரை மணிக்கு, இப்போதைக்குச் சமாளித்தால் போதும் என்று நானே அலன் கீயை எடுத்தேன். மாஸ்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. கால் சுற்றுதானே என்று நினைத்தேன். இறுக்கமாக இருந்தது. கொஞ்சம் அழுத்திக் கொடுத்தேன். "டக்." பெரிய சத்தம்கூட இல்லை. அதன் பிறகு கீ சுகமாகச் சுற்றியது, எந்தப் பக்கம் திருப்பினாலும். உள்ளே ராட் அறுந்துவிட்டது. என் கண்முன்னே, கொஞ்சம் கொஞ்சமாக நெக் முன்னால் குனிந்தது. மறுநாள் கேரலில் பேஸ் பாகத்தைக் கீபோர்டில் இடது கையால் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் வாசித்தான். நான் பின்வரிசையில் நின்று பாடினேன்.

அதன் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். எனக்கு முன்னால் இருந்த வழிகள் இவை. ஃபிரெட் பதித்த மேல்பலகையான ஃபிங்கர் போர்டைப் பிரித்து உள்ளே புது ராட் போடுவது. மாஸ்டர் செய்வார், ஆனால் அந்தக் கூலி பேஸின் விலையையே தாண்டும். இரண்டாவது, நெக்கையே மாற்றுவது. என்னுடையது நாலு ஸ்க்ரூவில் நிற்கும் போல்ட்-ஆன் நெக். ஃபெண்டர் கிட்டார் கம்பெனியைத் தொடங்கிய லியோ ஃபெண்டர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், 1951இல் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தபோதே கெட்டால் கழற்றி மாற்று என்கிற கணக்கில்தான் அப்படிப் பொருத்தினார். வாங்கும்போது நெக் ஸ்க்ரூவில் நிற்கிறதா, பாடியோடு ஒட்டியதா என்று பார்ப்பதும் அதனால்தான் முக்கியம். ஒட்டியதென்றால் இந்த இரண்டாவது வழியே கிடையாது. ஆனால் ஸ்க்ரூ இருந்தாலே போதாது. கிடைக்கிற மாற்று நெக்குகள் பெரும்பாலும் ஃபெண்டர் அளவில், அடிப்பகுதி 63.5 மில்லிமீட்டர் அகலத்தில் வரும். என் பாடியின் பள்ளம் அந்த அளவில் இல்லை. ஸ்க்ரூ ஓட்டைகளும் வேறு இடம். செதுக்கி, ஓட்டையை அடைத்து, புதிதாகத் துளைத்து என்று போனால் இன்னொரு பத்தாயிரம். ஒரே மாடலில் பாடி உடைந்த பேஸ் ஒன்று கிடைத்தால் அதன் நெக்கை எடுக்கலாம். அதற்காக ஒரு மாதம் தேடினேன், கிடைக்கவில்லை.

வேறொரு கணக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது. வாங்கும்போது நான் என் மனதில் ஒப்பிட்டது புது பேஸின் விலையோடு. இருபதாயிரத்துச் சாமான் ஒன்பதாயிரத்துக்கு வருகிறது என்று. ஒப்பிட்டிருக்க வேண்டியது அதே மாடல், எந்த ரிப்பேரும் இல்லாமல், பழசாக என்ன விலைக்குப் போகிறது என்பதோடு. தேடினால் 13,000, 14,000க்கு இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை பெரம்பூரில் நின்றபடி கண்ணுக்குத் தெரிந்த ரிப்பேரை மட்டும் கூட்டியிருந்தாலே, கம்பி, கீ, எலக்ட்ரிக் எல்லாம் சேர்த்து 5,000 வந்திருக்கும். 9,000த்தோடு சேர்த்தால் 14,000. அதாவது நெக் நன்றாக இருந்திருந்தாலும் எனக்கு அதில் ஒரு ரூபாய் லாபம் இல்லை, அலைச்சல்தான் மிச்சம். இப்போது நான் வைத்திருக்கும் அளவு, விலையும் ரிப்பேரும் சேர்ந்து, ரிப்பேர் இல்லாத பழசின் விலையில் முக்கால் பங்கைத் தாண்டினால் விட்டுவிடுவது. மிச்சக் கால் பங்கு, கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே இருப்பதற்கு. எப்படியும் ஏதாவது இருக்கும்.

இந்தக் கணக்கு எல்லோருக்கும் பொருந்தாது என்பதும் தெரியும். அமெரிக்க பேஸ் கலைஞர் ஜாக்கோ பாஸ்டோரியஸ் வாசித்த 1962ஆம் வருடத்து ஃபெண்டர் ஜாஸ் பேஸ் 1980களில் துண்டு துண்டாக உடைந்துபோனது. அதை இரண்டு கைவினைஞர்கள் உட்கார்ந்து ஒட்டி எழுப்பினார்கள். 1986இல் அது நியூயார்க்கில் களவுபோய், சுமார் இருபது வருடம் கழித்து வெளியே வந்தது. அதைப் பார்த்து "போல்ட்-ஆன் நெக்கா, பழசின் விலை என்ன" என்று யாரும் கேட்கப்போவதில்லை. உங்கள் அப்பா வாசித்த பேஸ், நீங்கள் முதல் மேடை ஏறிய பேஸ் என்றால் ராட் அறுந்தாலும் ஃபிங்கர் போர்டைப் பிரித்துச் சரிசெய்யுங்கள், பணத்தைப் பார்க்காதீர்கள். எனக்கு அந்தப் பேஸோடு அப்படி ஒரு உறவும் இல்லை. யாரோ ஒருவருடைய அண்ணனின் பேஸ் அது.

ஜனவரியில் பிரித்து விற்றேன். இரண்டு பிக்கப்பும் 2,200க்குப் போனது. கீ செட் 1,200, பிரிட்ஜ் 700. மொத்தம் 4,100. ஆக நிகர நஷ்டம் 14,050, அதோடு ஐந்து மாதம். பளபளக்கும் கறுப்புப் பாடியை யாரும் கேட்கவில்லை, அலமாரிக்கு மேலே இருக்கிறது. புதுசாக வாங்கிய கம்பியைக் கழற்றிச் சுருட்டி வைத்திருந்தேன், அது ஒன்றுதான் உருப்படியாகப் பயன்பட்டது. மார்ச்சில் வேளச்சேரியில் 13,500க்கு வேறொரு பேஸ் வாங்கினேன். பாடி முழுக்கக் கீறல், பெல்ட் பக்கிள் உரசிப் பின்பக்கம் பாதி பெயின்ட் இல்லை, வால்யூமைத் திருப்பினால் பொரியல் சத்தம். பாடியில் நெக் அருகே விரிசல் மாதிரி ஒரு கோடு வேறு. கட்டைவிரலை வைத்து அழுத்தினேன், நெக்கைப் பிடித்து லேசாக அசைத்தேன். கோடு திறந்து மூடினால் மரம் வெடித்திருக்கிறது, அசையாமல் இருந்தால் பெயின்ட் மட்டும். அசையவில்லை. ஒவ்வொரு கம்பியிலும் ஒவ்வொரு ஃபிரெட்டாக அழுத்திப் போனேன். ஜி கம்பியில் 5ஆம் ஃபிரெட் பக்கம் ஒரு ஸ்வரம் மட்டும் சீக்கிரம் மங்கியது. அதற்குப் பயப்பட வேண்டாம், போல்ட்-ஆன் பேஸ்கள் பலவற்றில் அந்த இடம் அப்படித்தான் இருக்கும். கார்டு ஒன்று உரசிக்கொண்டு போனது. வாங்கிவிட்டேன். அதைத்தான் இப்போது வாசிக்கிறேன்.

போன மாதம் அந்தக் கீபோர்டு பையன், "அங்கிள், நானும் பேஸ் கத்துக்கணும், அம்பத்தூர்ல ஒண்ணு ஏழாயிரத்துக்கு இருக்கு" என்று வந்தான். சேர்ந்து போனோம். பையில் அலன் கீ செட், கேபோ, ஒரு 9 வோல்ட் பேட்டரி, கேபிள், உள்ளங்கை அகல ஹெட்ஃபோன் ஆம்ப், அந்தப் பழைய கம்பி செட், நாலைந்து விசிட்டிங் கார்டு. பேஸ் பார்க்க அழகு, கீறலே இல்லை. கம்பி மட்டும் தளர்ந்திருந்தது. "ரொம்ப நாளா வாசிக்கல சார், அதான்" என்றார் வீட்டுக்காரர். நான் நாலு கம்பியையும் சுருதிக்கு ஏற்றிச் சோபாவில் சாய்த்து வைத்துவிட்டு, "ஒரு இருபது நிமிஷம் இருக்கட்டும் சார்" என்றேன். அவர் எங்களை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உள்ளே போய் டீ போடச் சொன்னார். பையனுக்கு இருப்புக்கொள்ளவில்லை, கண்ணெல்லாம் பேஸ் மேலேயே இருந்தது. டீ வந்தது. நான் பேஸை மடியில் எடுத்து வைத்து, முதல் ஃபிரெட்டில் கேபோவைப் போட்டு, கடைசி ஃபிரெட்டை அழுத்திக்கொண்டு, அவனிடம் கார்டைக் கொடுத்து உள்ளே விடச் சொன்னேன். ஒன்று போனது. அதன் மேல் இன்னொன்று வைத்தான், அதுவும் போனது. மூன்றாவதும் உரசாமலே நுழைந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தான். மூடியைக் கழற்றி நட்டைப் பார்த்தேன், மரை முடிந்திருந்தது. டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பினோம்.